இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷனும் ஆன்டிபயாடிக் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், கோபி, அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஈரோட்டுக்கும் கோவைக்கும் வயதானவர்களைக் கூட்டி வரும் குடும்பத்தார் வார்டில் கேட்கும் கேள்விகள் இவை. சிறிய மருத்துவமனைகளில் பணி செய்யும் செவிலியர்கள் கேட்பவையும் கலந்திருக்கின்றன. அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் நோயாளிக்கு எது என்பதை அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும்தான் முடிவு செய்வார்கள்.

ஆத்தா கட்டுத்தரையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சுங்க. தோல் கிழியவே இல்லை. அப்புறம் எதுக்குங்க ஆன்டிபயாடிக்?

முறிவு தோலுக்குள்ளேயே இருக்கும் வரை தேவையில்லை. கத்தி வைக்கும்போதுதான் தேவை வருகிறது. நம் எல்லோருடைய தோலிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. எவ்வளவு சுத்தம் செய்தாலும் மயிர்க்கால்களின் அடியில் இருப்பவை முழுதாகப் போகாது. தோலை வெட்டும்போது அவற்றில் சில உள்ளே இறங்கும். வெறும் சதையாக இருந்தால் உடம்பே சமாளித்துவிடும். இங்கே உள்ளே வைப்பது பிளேட், ராடு, ஸ்க்ரூ அல்லது செயற்கைப் பந்து. உலோகத்தில் ஒட்டிக்கொண்ட கிருமி ஒரு வழவழப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு ரத்த வெள்ளணுவும் மருந்தும் அதை எளிதில் எட்ட முடியாது. உலோகம் இருக்கும் இடத்தில் சீழ் பிடிக்க மிகக் குறைந்த எண்ணிக்கைக் கிருமியே போதும் என்பது இதனால்தான். முறிந்த இடத்தில் தேங்கிய ரத்தம் வேறு கிருமிக்கு நல்ல தீனி.

இதற்குச் சான்றும் இருக்கிறது. நெதர்லாந்தில் தோல் கிழியாத எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,195 பேரிடம் நடத்தி 1996இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரியாக்சோன் போட்டவர்களில் 3.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 8.3 சதவீதம். ஒரு டோஸ் மருந்தில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

எந்த மருந்து, எவ்வளவு போடுவாங்க?

முதல் தேர்வு செஃபசோலின். 2 கிராம், ரத்தக் குழாய் வழியாக. எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் 3 கிராம். 1 கிராம் குப்பி ஒவ்வொன்றையும் 10 மி.லி. ஊசி நீரில் கரைத்து 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துவார்கள். அது கிடைக்காத இடத்தில் செஃப்யூராக்சிம் 1.5 கிராம்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் செஃப்ட்ரியாக்சோன்தான் பழக்கம். மேலே சொன்ன ஆய்வும் அதை வைத்துத்தான் நடந்தது. வேலை செய்யாத மருந்து இல்லை. ஆனால் தோல் ஸ்டாஃபிலோகாக்கஸை அடிப்பதில் செஃபசோலின் கூர்மையானது. குடல் கிருமிகளை அது குறைவாகவே சீண்டுவதால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும் வாய்ப்பும் குறைவு. செஃப்ட்ரியாக்சோன் போடும் இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: அதைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் பாட்டிலோடு கலக்கக் கூடாது. ஒரே ஊசி வழியில் போடுவதானால் நடுவில் சலைன் விட்டுக் கழுவிவிட்டுப் போட வேண்டும்.

ஊசியை எப்போ போடணும்? காலையில வார்டிலேயே போட்டு அனுப்பிடறாங்களே?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். மருந்து எது என்பதைவிட, எப்போது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

தோலை வெட்டும் நொடியில் மருந்து அந்தச் சதையிலும் எலும்பிலும் நிறைந்திருக்க வேண்டும். செஃபசோலின், செஃப்யூராக்சிம் இரண்டையும் வெட்டுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போட வேண்டும். மயக்க மருந்து மருத்துவர் கையாலேயே, வெட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பாக, தியேட்டரில் போடுவது நல்ல ஏற்பாடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல் 120 நிமிட எல்லையைச் சொல்கிறது. ஆனால் செஃபசோலினின் அளவு ரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் வெட்டுக்கு நெருக்கமாகப் போடுவதே நல்லது.

பிந்திப் போனால் என்ன? 1961இல் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸைச் செலுத்தி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமிக்கு முன்பே மருந்து போயிருந்தால் புண் பெரிதாகவில்லை. கிருமி உள்ளே போய் 3 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, மருந்தே கொடுக்காததற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தையல் போட்டு முடித்து வார்டுக்கு வந்தபின் எவ்வளவு விலையுயர்ந்த ஊசி போட்டாலும் தவறிய அந்த முதல் மணி நேரத்தை ஈடு செய்யாது.

முந்திப் போவதும் அதே அளவு கெடுதல். நடைமுறையில் நடப்பது இப்படி: பட்டியலில் மூன்றாவது கேஸ். காலை 7 மணிக்கு "பிரீ-ஆப் ஊசி" என்று வார்டில் போட்டு, சார்ட்டில் டிக் அடித்துவிடுகிறார்கள். முதல் கேஸ் இழுத்துவிடுகிறது. தியேட்டருக்குள் எடுக்கும்போது மணி 12. முதுகில் ஊசி போட்டு, பக்கவாட்டில் திருப்பி, எக்ஸ்ரே மெஷினைச் சரி செய்து, துணி விரித்து, வெட்டு விழும்போது மணி ஒன்றை நெருங்கிவிடும். சார்ட்டைப் பார்த்தால் ஊசி போட்டாகிவிட்டது. உடம்பிலோ மருந்து அநேகமாகத் தீர்ந்துவிட்டது. வார்டிலிருந்து மருந்துக் குப்பியை நோயாளியோடு தியேட்டருக்கு அனுப்பி, உள்ளே போட்ட நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதி, வெட்டுக்கு முன் எல்லோரும் நிறுத்திச் சரிபார்க்கும்போது "ஆன்டிபயாடிக் போட்டாச்சா, எத்தனை மணிக்கு?" என்று உரக்கக் கேட்டால் இந்தக் குழப்பம் வராது. வார்டில் ஏற்கனவே போட்டு 1 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு டோஸ் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

ஆபரேஷன் நீண்டுட்டா?

முதல் டோஸ் போட்ட நேரத்திலிருந்து 4 மணி நேரம் தாண்டினால் செஃபசோலினையும் செஃப்யூராக்சிமையும் ஒரு முறை மீண்டும் போட வேண்டும். கணக்கு வெட்டிய நேரத்திலிருந்து அல்ல, ஊசி போட்ட நேரத்திலிருந்து. ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலும் மீண்டும் ஒரு டோஸ். சாதாரண ராடு அல்லது அரை மூட்டு மாற்று ஆபரேஷன் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் இரண்டாவது டோஸ் அடிக்கடி தேவைப்படாது.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 5 நாள் ஊசி, 5 நாள் மாத்திரை. எங்க அய்யனுக்கு ஒரே ஊசியோட நிறுத்திட்டாங்க. காப்பீட்டுக் கேஸுன்னு சிக்கனம் பண்றாங்களா?

சிக்கனம் இல்லை. சரியாகச் செய்திருக்கிறார்கள். தையல் போட்டு மூடிய பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2016இலும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இலும் சொல்லியிருக்கின்றன. பழக்கத்தால் 24 மணி நேரம் வரை போடும் மருத்துவமனைகள் உண்டு. அதற்கு மேல் நீட்டுவதில் காயத்துக்கு எந்த லாபமும் இல்லை.

நட்டம் உண்டு. நாள் கூடக் கூட வயதானவர்களுக்குக் குடலின் நல்ல கிருமிகள் செத்து, குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடும் பேதியைக் கொடுக்கலாம். படுக்கையிலிருந்து எழ முடியாத 80 வயதுக்காரருக்குப் பேதி என்றால் நீர்ச்சத்துக் குறைவு, படுக்கைப் புண், கட்டு நனைந்து காயத்தில் அழுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறகு உண்மையிலேயே நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், அப்போது வரும் கிருமி அந்த 10 நாள் மருந்துக்கும் தப்பிப் பிழைத்ததாக இருக்கும். நீண்ட கோர்ஸ் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள் என்று குடும்பத்தாரை மனதாரக் கேட்டுக்கொள்கிறோம். "வேற யாருக்கோ 10 நாள் போட்டாங்க" என்ற ஒரு வார்த்தைக்காகவே எழுதப்படும் மருந்துச் சீட்டுகள் உண்டு.

காயத்தில் டிரெயின் குழாய் இருக்கிறது, சிறுநீர்க் குழாய் இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக்கை நீட்டுவதும் தேவையில்லை. குழாயைச் சீக்கிரம் எடுப்பதுதான் மருந்து. சிறுநீர்க் குழாயை முடிந்தவரை மறுநாளே எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவு, ஏற்கனவே சீழ் பிடித்த காயம், இரண்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே கொடுப்பது சிகிச்சை. நாள்கள் வேறு.

தாராபுரத்துல முதல்ல காட்டினப்பவே ஒரு ஊசி போட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கோயமுத்தூர்ல ஆபரேஷன். திரும்பவும் போடணுமா?

போட வேண்டும். அந்த ஊசி இந்த ஆபரேஷனுக்குக் கணக்கில் வராது. ஆனால் அந்தச் சீட்டைத் தொலைக்காமல் கொண்டு வாருங்கள். என்ன மருந்து, எத்தனை டோஸ், ஏதாவது அரிப்பு, தடிப்பு வந்ததா என்பவை இங்கே பயன்படும். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் முதல் நாளே எடுத்து வந்துவிட்டால் அனுமதிக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். முறிந்த 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிவது நல்லது. படுத்த படுக்கையாக நாள் கழியக் கழியத் தோல் கெடுகிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது, ஆஸ்பத்திரிக் கிருமிகள் உடம்பில் குடியேறுகின்றன.

அம்மாயிக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்க. செஃபசோலின் போடலாமா?

முதலில் என்ன ஆயிற்று என்று துருவிக் கேட்போம். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் ஆகியவை ஒவ்வாமை அல்ல. ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிறைப்பு, மயக்கம் வந்திருந்தால்தான் உண்மையான பென்சிலின் அலர்ஜி. அப்படி வந்தவர்களுக்கும்கூடச் செஃபசோலினைப் பெரும்பாலும் கொடுக்க முடியும். செஃபசோலின், பென்சிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் மூலக்கூறின் பக்கச் சங்கிலி பென்சிலினோடும் மற்ற செஃபலோஸ்போரின்களோடும் ஒத்துப்போவதில்லை. மருத்துவர் வரலாற்றைக் கேட்டுத் தீர்மானிப்பார். தோல் உரிந்து வாய், கண் எல்லாம் புண்ணாகும் அளவுக்கு முன்பு வந்திருந்தால் மட்டும் இந்தக் குடும்பத்து மருந்துகள் எதையும் தொட மாட்டார்கள்.

"எப்பவோ, எதுக்கோ" என்ற பதிலால் நல்ல மருந்து கைவிட்டுப் போகிறது. மாற்றாகப் போடும் வான்கோமைசினும் கிளிண்டாமைசினும் இந்த வேலைக்குச் செஃபசோலின் அளவுக்குத் திறமையானவை அல்ல. வீட்டில் பழைய சீட்டு இருந்தால் தேடி எடுத்து வாருங்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டு ஒண்ணும் ஆகலைன்னா பயமில்லைதானே?

முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். தோலுக்கடியில் துளி மருந்து செலுத்திப் பார்க்கும் சோதனையில் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, முழு டோஸில் ஒவ்வாமை வருவதுண்டு. வெறும் குத்திய தடிப்பை அலர்ஜி என்று எடுத்துக்கொண்டு சரியான மருந்தை நிறுத்துவதும் உண்டு. பாதுகாப்பைத் தருபவை வேறு மூன்று: முந்தைய வரலாறு, மெதுவாகச் செலுத்துவது, பக்கத்தில் தயாராக இருக்கும் அட்ரினலின் என்ற ஒவ்வாமை முறிக்கும் ஊசி. வார்டில் கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில். முறிவில்லாத காலில் போடுவது வசதி.

வான்கோமைசின் போடறதா இருந்தா என்ன கவனிக்கணும்?

கிலோவுக்கு 15 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 900 மி.கி. என்று வரும், 1 கிராம் என்று முழுதாக்குவார்கள். 250 மி.லி. சலைனில் கலந்து குறைந்தது 1 மணி நேரம், 1 கிராமுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டால் நல்லது. வெட்டுக்கு 2 மணி நேரம் முன்பே வார்டில் ஆரம்பிக்க வேண்டிய மருந்து இது ஒன்றுதான். தியேட்டர் கூப்பிட்ட பிறகு தொடங்கினால் அவசரத்தில் வேகமாக விடுவார்கள். முகம், கழுத்து, மார்பெல்லாம் செவந்து அரித்து, பிரஷர் இறங்கும். அது நிறையச் சமயம் அலர்ஜி அல்ல, வேகத்தின் விளைவு. நிறுத்தி, சரியானதும் மெதுவாக விட்டால் போதும். எம்ஆர்எஸ்ஏ என்ற மருந்தெதிர்ப்பு ஸ்டாஃபிலோகாக்கஸ் முன்பே இருந்தவர்களுக்குச் செஃபசோலினோடு சேர்த்து இதையும் கொடுப்பதுண்டு.

கிட்னி கொஞ்சம் பலவீனம்னு சொல்லியிருக்காங்க.

ஒரே டோஸ் செஃபசோலினுக்கு அளவைக் குறைக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கவலை தருவது வேறொரு சேர்க்கை. வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, "கூடுதல் பாதுகாப்புக்கு" அமிக்காசின் அல்லது ஜென்டாமைசின், ஆபரேஷனுக்காக முந்தைய இரவிலிருந்து பட்டினி, எழுந்து போக முடியாதே என்று தண்ணீரையே குறைத்துக்கொண்ட பெரியவர். இந்த நான்கும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். சிறுநீர் குறைகிறது என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமாலும், தொடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் இருக்கின்றன. தேவையான தண்ணீரைக் கொடுக்கத் தயங்காதீர்கள். வெறும் தண்ணீரை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்வரை குடிக்க அனுமதிப்பார்கள், கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

சிமென்ட்லயே ஆன்டிபயாடிக் இருக்குன்னாங்க. அப்ப ஊசி வேண்டாமா?

இரண்டும் வேண்டும். செயற்கைப் பந்தை எலும்பில் பதிக்கும் சிமென்ட் பாக்கெட் 40 கிராம். அதில் பெரும்பாலும் அரை முதல் 1 கிராம் ஜென்டாமைசின் கலந்திருக்கும். அது அந்த இடத்தில் மட்டும் மெல்லக் கசியும், தோலையும் தசையையும் காக்காது. இரண்டு மருந்து அதிக அளவில் கலந்த விலை கூடிய சிமென்ட் இன்னும் நல்லதா என்று இங்கிலாந்தில் 4,900 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். ஆழத் தொற்று சாதாரண மருந்துச் சிமென்ட்டில் 1.7 சதவீதம், மற்றதில் 1.2 சதவீதம். உறுதியாகச் சொல்லும் வித்தியாசம் இல்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

முதல்ல நாட்டுக் கட்டு கட்டிட்டு அப்புறம் வந்தோம். அதனால தொற்று வருமா?

வாய்ப்புக் கூடுகிறது. முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்து இறுக்கிய கட்டைப் பிரிக்கும்போது அடியில் தோல் கொப்புளித்திருப்பதையும், மூங்கில் தப்பை அழுத்திய இடம் கறுத்திருப்பதையும் பார்க்கிறோம். வெட்ட வேண்டிய இடத்திலேயே கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க நேரும். காத்திருப்பின் கெடுதல்களை மேலே சொல்லியிருக்கிறோம். கெட்ட தோலின் வழியே வெட்டினால் ஆன்டிபயாடிக் மட்டும் காப்பாற்றாது. கட்டி வந்திருந்தால் மறைக்க வேண்டாம். யாரும் திட்டப் போவதில்லை. எத்தனை நாள் கட்டியிருந்தது, என்ன தடவினார்கள் என்று சொன்னால் போதும்.

ஆன்டிபயாடிக்கைத் தவிர நாங்க என்ன பார்த்துக்கலாம்?

சர்க்கரை. ஆபரேஷனை ஒட்டிய நாள்களில் 180க்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் ஜூஸும் பன்னும்தான் பல நேரம் அதை ஏற்றிவிடுகின்றன. மூன்று மாதச் சர்க்கரை அதிகம் என்பதற்காக மட்டும் இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வீட்டிலேயே ரேசரால் மழித்துக் கூட்டி வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஒரே இரவில் கிருமி பெருகிவிடும். முடி எடுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கே கிளிப்பரால் எடுப்பார்கள். முந்தைய நாள் சோப்பு போட்டு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு, படுக்கைப் புண் இருந்தால் காட்டுங்கள். காட்டில் செருப்பில்லாமல் நடந்த கால்களில் இவை சாதாரணம். யாரும் கேட்காமல் விட்டுப்போவதும் சாதாரணம்.

சிறுநீர்ப் பரிசோதனையில கிருமின்னு வந்திருக்கு. ஆபரேஷன் தள்ளிப் போகுமா?

எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால் வைத்தியம் தேவையில்லை, தள்ளிப்போடவும் தேவையில்லை. அறிகுறி இருந்தால் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே ஆபரேஷனும் செய்வார்கள்.

ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் காய்ச்சல். சீழ் பிடிச்சிடுச்சா?

முதல் 2, 3 நாளில் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் காயத்துச் சீழால் வருவதல்ல. உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் அந்த நாள்களில் எல்லோருக்கும் உச்சத்தில் இருக்கும். பிறகு இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் தேட வேண்டும். காயத்தோடு நுரையீரல், சிறுநீர், கெண்டைக்கால் வீக்கம், ஊசி குத்திய கை எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

உண்மையான எச்சரிக்கை அடையாளங்கள் இவை: 5 நாள் கழிந்தும் கட்டு நனைந்துகொண்டே இருப்பது, குறைந்த வலி மீண்டும் கூடுவது, தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, நாற்றம், நடக்க ஆரம்பித்தவர் காலூன்ற மறுப்பது. தொற்று முதல் மாதத்தில் அதிகம் வெளிப்படும். உலோகம் உள்ளே இருப்பதால் 3 மாதம் வரை கூர்ந்து கவனியுங்கள். ஒரு வருடம் கழித்து வருவதும் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவு கண்டவுடன் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மேலே கசிவு நின்று, அடியில் கிருமி உலோகத்தில் படலம் கட்டிக்கொள்ளும். பிறகு சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாமல் போகும். முதல் சில வாரங்களிலேயே வந்தால் திறந்து கழுவி, உலோகத்தைக் காப்பாற்றி, சரியான மருந்தை வாரக்கணக்கில் கொடுத்துச் சரி செய்ய முடிகிறது. மாதங்கள் கழித்து வந்தால் உலோகத்தையே எடுக்க நேரலாம். ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் நேரே வாருங்கள், அதே வாரத்தில், முடிந்தால் அதே நாளில்.

கட்டை எப்பப் பிரிக்கலாம்? மஞ்சள் வைக்கலாமா?

நனையாத கட்டை முதல் 48 மணி நேரம் தொட வேண்டாம். தையலை 12 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர், விபூதி எதுவும் தையல் மேல் வேண்டாம். பால் கறந்த கையோடும் சாணி அள்ளிய கையோடும் கட்டைத் தொடாதீர்கள். சோப்பால் முழங்கைவரை கழுவிவிட்டு வாருங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டுல என்ன இருக்கான்னு பார்க்கணும்?

போட்ட ஆன்டிபயாடிக்கின் பெயர், அளவு, நேரம். வைத்த உலோகத்தின் ஸ்டிக்கர். ஏதாவது ஒவ்வாமை வந்திருந்தால் மருந்தின் பெயரோடு அதன் விவரம். பின்னாளில் பல் பிடுங்கும்போது "உள்ளே உலோகம் இருக்கிறது" என்று பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் தங்கள் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம்.